தோழியர் உல்லாசப் பயணம்: பேருந்து புறப்படுமுன் ஒரு கணக்கு

திருமணத்துக்குச் சில நாள் முன்பு மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு தோழியர் உல்லாசமாகச் சென்றுவரும் வழக்கம் பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் பரவி வருகிறது. ஒலி, ஒளி அமைப்புகள் கொண்ட சிறு பேருந்தை ஓர் இரவுக்கு வாடகைக்கு அமர்த்துகின்றனர்.

பெங்களூருக் கிளையில் நான் பணியாற்றியபோது, இத்தகைய பயணத்துக்குப் பொறுப்பேற்ற ஒரு வாடிக்கையாளர் என்னிடம் வந்தார். சமூக ஊடக விளம்பரத்தில், 'இன்று முழுத் தொகையும் செலுத்தினால் தள்ளுபடி' என்றிருந்ததை நம்பி 24,000 ரூபாய் அனுப்பியிருந்தார். பயண நாளன்று பேருந்தும் வரவில்லை. தொலைபேசியிலும் மறுமொழி இல்லை. தோழியரிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கி இரண்டு நாள் கழித்தே வங்கிக்கு வந்தார். அதற்குள் பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறியிருந்தது.

இந்த அனுபவம் உணர்த்தும் பாடம் ஒன்றே: பொதுப்பணத்தைக் கையாள்பவர் ஒவ்வொரு படியையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பங்குத் தொகை

எடுத்துக்காட்டாக, மணப்பெண்ணுடன் 16 பேர் செல்வதாகக் கொள்வோம். மணப்பெண்ணுக்குப் பங்கு இல்லை. பேருந்து வாடகை 24,000, சுங்கக் கட்டணம், அனுமதிக் கட்டணம், ஓட்டுநர் பேட்டா 6,000, உணவு 12,000, எதிர்பாராச் செலவுக்கு 3,000 என மொத்தம் 45,000 ரூபாய். எஞ்சிய 15 பேருக்கும் தலா 3,000 ரூபாய் பங்கு.

எல்லாருடைய வருவாயும் ஒன்றல்ல. ஆகவே, தொகையை முதலில் அறிவித்து, அனைவரும் இசைந்த பின்னரே பேருந்தைப் பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் விலகுபவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பங்குத் தொகையைப் பெறுவதற்கு உங்கள் யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. பணம் தருவதாகக் கூறி அதை உள்ளிடச் சொல்பவர் உங்களிடமிருந்து பணத்தை எடுக்க முயல்கிறார் என்று அறிக.

முன்பணம்

முழு வாடகையையும் முன்கூட்டியே செலுத்தாதீர்கள். இயன்றால் அலுவலகத்துக்கு நேரில் சென்று பேருந்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே ஒரு பகுதியை அனுப்புங்கள். திரையில் தோன்றும் பெயர் வேறாயின் நிறுத்திவிடுங்கள். வண்டி எண், புறப்படும் நேரம், கூடுதல் கிலோமீட்டருக்கான கட்டணம், பயணம் ரத்தானால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவை ரசீதில் இருக்கட்டும்.

வாகனம்

வாடகை வாகனத்தின் எண்பலகை மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் கொண்டது. மின்சார வாகனமாயின் பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள். சொந்தப் பயன்பாட்டு வாகனத்தை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு சிக்கலாகிவிடும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டுக் காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். மாநில எல்லை கடப்பதாயின் அதற்குரிய சுற்றுலா அனுமதியையும் கேளுங்கள்.

2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரியில், மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து இரவில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் 9 பேர் உயிரிழந்தனர். சுற்றுலாப் பேருந்து மிகை வேகத்தில் சென்றது தெரியவந்தது. ஆகவே வண்ண விளக்குகளைவிட ஓட்டுநரின் ஓய்வையே முதலில் கேட்டறியுங்கள். பகல் முழுதும் ஓட்டியவரை இரவிலும் ஓட்டச் செய்யாதீர்கள். பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வண்டி எண்ணையும் செல்லும் வழியையும் வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அவசர உதவிக்கு 112.

ஏமாற்றப்பட்டால்

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். மோசடிக்காரர் கணக்கில் பணம் இருக்கும்போதே அதை முடக்க முடியும். நேரம் செல்லச் செல்ல அந்த வாய்ப்பு குறையும். ஏமாந்தது குற்றமன்று, கூச்சத்தால் காலம் தாழ்த்துவதே இழப்பை உறுதியாக்குகிறது.

அன்று என்னிடம் வந்தவர் அடுத்த நாளே தோழியரிடம் உண்மையைச் சொன்னார். அவர்கள் இழப்பைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். முதல் நாளே சொல்லியிருந்தால் பகிர்ந்துகொள்ள வேண்டிய இழப்பே ஒருவேளை குறைந்திருக்கும். பயணம் முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை அனைவருக்கும் அனுப்பி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். கணக்கு தெளிவாக இருந்தால் நட்பில் மனத்தாங்கலுக்கு இடமிராது.