விளம்பரத்தில் 320, உருளையில் எத்தனை?

1999 ஆகஸ்டில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் தன் மஸ்டாங் கோப்ரா கார்களின் விற்பனையைத் திடீரென நிறுத்தியது. பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. 320 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்த வண்டி அந்த அளவுக்கு இழுக்கவில்லை என்பதுதான் புகார். முந்தைய ஆண்டு மாடலுக்கு 305தான். புதியது அதை முந்தியிருக்க வேண்டும், முந்தவில்லை. சந்தேகப்பட்ட உரிமையாளர்கள் காரை டைனோ வைத்திருக்கும் பட்டறைகளுக்கு ஓட்டிச் சென்றார்கள். அங்கே அச்சாகி வந்த தாள்கள் எல்லாம் ஒரே கதையைச் சொன்னதும் ஃபோர்டு இறங்கிவந்தது. ஏற்கெனவே விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் சைலன்சர் பகுதியையும் இலவசமாக மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரையும் திருத்திக் கொடுத்தது.

டைனோ என்று பட்டறைகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் டைனமோமீட்டர் பார்வைக்குச் சாதாரணமானது. தரையோடு தரையாகக் கனத்த இரும்பு உருளைகள். அவற்றின்மேல் காரின் இயங்கு சக்கரங்களை நிறுத்தி, வண்டி பாய்ந்துவிடாதபடி பட்டைகளால் இழுத்துக் கட்டுகிறார்கள். ரேடியேட்டருக்கு எதிரே பெரிய மின்விசிறி. பின்னால் புகையை வெளியேற்றும் குழாய். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும், விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதற்கு நெருக்கமான கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தரை வரை அழுத்துகிறார்கள். ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் அது நான்காவது கியர். கொஞ்ச நேரத்தில் சுழற்சி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். அவ்வளவுதான் சோதனை.

உருளையின் சுழற்சி நிலைமம் எவ்வளவு என்பது முன்பே தெரியும். அது எத்தனை விரைவாக வேகமெடுக்கிறது என்று அளந்தால், அதைச் சுழற்றிய முறுக்குவிசை கணக்கில் கிடைத்துவிடும். இன்னொரு வகை டைனோ, உருளைக்கு எதிராகப் பளுவை ஏற்றி நேரடியாக அளக்கும். 1821இல் பிரான்சின் காஸ்பார் த ப்ரோனி செய்ததும் இதையே: சுழலும் தண்டை மரக்கட்டைகளால் கவ்விப் பிடித்து, கவ்வியோடு இணைந்த நெம்புகோல் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பார்த்தார். இன்று மரக்கட்டையின் வேலையை மின்காந்தம் செய்கிறது.

டைனோ உண்மையில் அளப்பது முறுக்குவிசையை; குதிரைத்திறன் என்பது அதிலிருந்து போடும் கணக்கு. நியூட்டன் மீட்டரை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 4,000 சுழற்சியில் 200 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜின், அந்தக் கணத்தில் சுமார் 84 கிலோவாட், அதாவது 112 குதிரைத்திறன் தருகிறது. 6,000 சுழற்சியில் முறுக்குவிசை 170ஆக இறங்கினாலும் திறன் 143ஆக ஏறிவிடும். வரைபடத்தில் ஒரு கோடு சரிய, மற்றது ஏறுவதைப் பார்த்துப் பலர் குழம்புவது இதனால்தான்.

விவகாரம் தொடங்குவது இதற்குப் பிறகு. விளம்பரத்தில் இருப்பது இன்ஜினின் கிராங்க் முனையில் அளந்த எண். டைனோ அளப்பது சக்கரத்தில். இடையில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தத்தம் பங்கை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. ‘15 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொள்’ என்பது பட்டறை வழக்கம். அந்தக் கணக்கில் கோப்ராவின் 320, சக்கரத்தில் சுமார் 272ஆக வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த 15 எல்லா வண்டிக்கும் பொருந்துகிற எண் அல்ல. முன்சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக் என்று வண்டிக்கு வண்டி இழப்பு மாறும்.

காற்றும் தன் பங்குக்கு விளையாடும். வெப்பமான நாளில், உயரமான ஊரில் காற்றின் அடர்த்தி குறையும்; இன்ஜின் சோர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட, 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று என்ற நிலைக்கு எண்ணை மாற்றுகிறது வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் திருத்தம். பழைய எஸ்.டி.பி. திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தால் அதே ஓட்டம் சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். வாடிக்கையாளரின் மனதைக் குளிரவைக்க விரும்பும் கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

இத்தனை ஓட்டைகள் இருந்தும், பெரிய பொய் டைனோவில் தப்புவதில்லை. 2001 மாடல் மியாட்டாவுக்கு 155 குதிரைத்திறன் என்று அமெரிக்காவில் அறிவித்த மஸ்டா, பிறகு அதை 142ஆகக் குறைத்து, விரும்பியவர்களின் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. சில ஆண்டுகளிலேயே ஆர்எக்ஸ்-8 விஷயத்திலும் அதே நிறுவனம் 247ஐ 238 என்று திருத்த நேர்ந்தது.

எண்ணை ஊதிப் பெருக்குவது ஒரு காலத்தில் தொழில் முறையாகவே இருந்தது. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவை இல்லாத வெற்று இன்ஜினை அளந்து விளம்பரம் செய்தன. அந்த ஆண்டின் கார்வெட் எல்டி-1 இன்ஜினுக்கு அந்த முறையில் 330. வண்டியில் பொருத்திய நிலையில் 275. ஒரே இன்ஜின்தான். பின்னால் 2005 வாக்கில் எஸ்.ஏ.இ. விதிகளை இன்னும் இறுக்கியபோது, டொயோட்டா கேம்ரி வி6 காரின் 210, ஒரு போல்ட்டும் மாறாமல் 190 ஆனது. புதிய சான்று முறையில் முதலில் தேறியது கார்வெட் இசட்06 காரின் எல்எஸ்7 இன்ஜின். அதற்குக் கிடைத்தது 505, எதிர்பார்த்த 500ஐவிட அதிகம்!

நம் ஊர் விளம்பரங்களில் குதிரைத்திறன் பி.எஸ். என்றும் பி.எச்.பி. என்றும் மாறிமாறி வரும். 100 பி.எஸ். என்பது 98.6 பி.எச்.பி.தான், ஒப்பிடும்போது இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. வெவ்வேறு ஊர் டைனோக்களில் எடுத்த தாள்களை அருகருகே வைத்துச் சண்டை போடுவது வீண். இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்யவோ வேறு மாற்றம் செய்யவோ நினைப்பவர்கள், கைவைக்கும் முன்பே, வாங்கிய ஸ்டாக் நிலையில் வண்டியை அளந்து தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே டைனோவில், அதே கியரில், அதே டயர் காற்றழுத்தத்தில், அதே திருத்த முறையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏற்றம் இரண்டோ மூன்றோ குதிரைத்திறன்தான் என்றால், அது ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.