செந்நிறத் தட்டான் எது?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்து நிற்கும் காலத்தில், கரையோரக் கோரையின் நுனியில் செக்கச் சிவந்த தட்டான் ஒன்று அமர்ந்திருப்பதைக் காணாதவர் நம்மில் மிகச் சிலரே. சிறுபிராயத்தில் அதைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவர்களும் பலர் உண்டு. ஆயினும் அது எந்தத் தட்டான் என்று வினவினால், சிவப்புத் தட்டான் என்பதற்கு மேல் நம்மால் ஒன்றும் சொல்ல இயலுவதில்லை. இந்த விடை போதாது என்பதையும், இதனால் விளையும் நஷ்டம் அற்பமானதன்று என்பதையும் எடுத்துக் காட்டுவதே இன்று நமது நோக்கம்.

சென்ற தை மாதத்தில் நண்பர்கள் இருவருடன் ஓர் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தோம். கண்ணிற்பட்ட தட்டான்களையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருவதென்று ஏற்பாடு. சிவந்தவை அனைத்தையும் ஒரே இனமென்றும், அவற்றினருகே திரிந்த மஞ்சள் நிறத்தவற்றை வேறோர் இனமென்றும் எழுதிக்கொண்டோம். வெயில் ஏறியபின் மரநிழலில் அமர்ந்து, கைப்பேசியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபொழுதுதான் நமது பிழைகள் வெளிப்பட்டன. ஒன்றென்று எழுதியவை மூன்று இனங்கள்! வேறென்று எழுதியவற்றுள் பலவோ, அச்சிவப்பு இனங்களுள் ஒன்றின் பெண்கள்! நிறத்தை மாத்திரம் நம்பியதால், வெவ்வேறானவற்றை ஒன்றாக்கியதோடு ஒன்றாயிருப்பதை இரண்டாகவும் பிரித்துவிட்டோம்.

நமது குளங்களிலும் நெல்வயல்களிலும் மிகுதியாகக் காணப்படும் சிவப்புத் தட்டானைப் பிராணி சாஸ்திரிகள் குரோகோதெமிஸ் செர்விலியா என்பர். இதன் ஆண் கண் முதல் வால் நுனி வரையில் இரத்தச் சிவப்பாயிருக்கும். நாம் வால் என்று வழங்குவது உண்மையில் பத்துக் கணுக்களையுடைய வயிறேயாகும். அவ்வயிற்றின் மேற்புறத்து நடுவே, மையினால் இழுத்தாற்போல் ஒரு மெல்லிய கருங்கோடு நீளவாக்கில் ஓடும். கால்களும் செந்நிறமானவை. இறக்கைகள் கண்ணாடி போன்றவை. பின்னிறக்கையின் அடியில் தேன்நிறத் திட்டொன்று உண்டு.

இதனோடு மயங்குதற்குரியவை சில. டிரிதெமிஸ் அரோரா என்பதன் ஆண், கருஞ்சிவப்பில் ஊதா கலந்தாற்போன்ற மேனியுடையது. அதன் கால்கள் கறுப்பு, இறக்கை நரம்புகள் சிவப்பு. ரோடோதெமிஸ் ரூஃபா என்பதன் ஆணும் நல்ல சிவப்பே. ஆனால் அதன் வயிற்றில் கருங்கோடு இராது. யூரோதெமிஸ் சிக்னாட்டா என்பதற்கு வயிற்றின் எட்டாம், ஒன்பதாம் கணுக்களின் மேல் கரும்புள்ளிகள் காணப்படும். ஆகவே கோடு உண்டா, கால் என்ன நிறம், இறக்கையின் அடி எப்படி, வால்நுனியில் புள்ளி உண்டா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டாலே மயக்கம் பெரும்பாலும் தீரும். இவற்றிற்கு விடை காணத் தட்டானைப் பிடிக்க வேண்டுவதில்லை. ஆண் தட்டான் தான் அமர்ந்த நுனியை விட்டுப் பறந்தாலும், பெரும்பாலும் அந்நுனிக்கே திரும்பி வரும். அசையாது காத்திருப்பவருக்கு அது தன் முதுகையும் காலையும் தானே காட்டிவிடும்.

மஞ்சள் நிறத்தவை செய்த மயக்கத்தையும் விளக்குவோம். செர்விலியாவின் பெண் மங்கிய மஞ்சள் நிறமானது. இளம் ஆணும் மஞ்சளாகவே வாழ்வைத் தொடங்கிப் பருவமடைந்த பின்னரே சிவக்கின்றது. 2012-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் புதஹாஷியும் அவருடைய கூட்டத்தாரும் இந்த இனம் உள்ளிட்ட மூன்று இனங்களை ஆராய்ந்து, இதன் காரணத்தை வெளியிட்டனர். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஆதாரமான நிறப்பொருள்கள் ஒன்றே; அவை ரசாயன முறையில் ஒடுக்கம் அடையும்போது மஞ்சள் சிவப்பாகின்றது. வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தைச் செலுத்தியபோது இளந் தட்டான்கள் சிவந்ததையும் அவர்கள் கண்டனர். ஆனால் முதுகின் கருங்கோடோ பெண்ணிடத்தும் உண்டு. மாறுகின்ற நிறத்தைவிட மாறாத கோடே நம்பத்தக்க சாட்சி என்பது இதனால் விளங்கும்.

"பூச்சியின் பெயரால் தேசத்திற்கு என்ன பயன்?" என்று சிலர் கேட்கக்கூடும். பர்மாவின் ரங்கூன் நகரில் நடந்து 1990-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அவர்களுக்குத் தக்க விடையாகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை ஒடுக்கும்பொருட்டு, அந்நகரத்து ஜனங்களின் ஒத்துழைப்புடன் வீடுகளின் நீர்த்தொட்டிகளில் தட்டானின் இளம்புழுக்களை விட்டனர். சில வாரங்களில் தொட்டிகளில் கொசுப்புழு அருகியது. நாளடைவில் பறக்கும் கொசுவும் குறைந்தது. அவ்வாறு விடப்பட்ட தட்டான் வேறெதுவுமன்று. நமது ஏரிக்கரையில் அமர்ந்திருக்கும் இதே செர்விலியாதான். இன்ன இனம் என்று திட்டமாக அறிந்திராவிடில், அச்சோதனையை மற்றோர் ஊரார் மீண்டும் செய்து பார்ப்பது எங்ஙனம்?

வேறொரு நஷ்டமும் உண்டு. எல்லாத் தட்டானும் எல்லா நீரிலும் வாழ்வதில்லை. தேங்கிய நீரை விரும்புவன உண்டு. ஓடும் நீரை நாடுவன உண்டு. ஓர் ஏரியில் கழிவுநீர் புகுந்து, ஓர் இனம் அழிந்து, அதனிடத்தில் மற்றோர் இனம் பெருகினால், சிவப்புத் தட்டான் என்று மாத்திரம் எழுதப்பட்ட புத்தகம் இரு காலங்களிலும் ஒன்றையே சொல்லும். ஏரி கெட்டதை அறிவிக்க வேண்டிய சாட்சியை நாமே ஊமையாக்கினவர்களாவோம்.

இவ்வினத்திற்குச் செர்விலியா என்ற பெயரை முதலில் வழங்கியவர் 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வெள்ளி வேலை செய்துவந்த ட்ரூ ட்ரூரி என்பவர். பொன் வெள்ளி வேலை செய்வோரைக் குறிக்கும் தட்டான் என்ற சொல்லாலேயே நாம் இப்பூச்சியை வழங்குவது வேடிக்கையான பொருத்தந்தான். இந்தியாவின் தட்டான்களை ஆராய்ந்து 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருநூல்களாக வெளியிட்டவர், இங்கு மருத்துவ உத்தியோகம் பார்த்த பிரேஸர் என்ற ஆங்கிலேயர். அன்னியர் நம் குளங்களைப் பார்த்து எழுதினர் என்பதில் நமக்கு வருத்தமில்லை. அவற்றின் கரையிலேயே பிறந்து வளர்ந்த நாம் பாராதிருந்தோம் என்பதே வருத்தம்.

அந்தக் குறையைப் போக்குவதற்குப் பெரும் பொருளோ பட்டமோ வேண்டியதில்லை. நேயர்கள் ஒரு காலை தம்மூர்க் குளத்திற்குச் சிறுவர்களையும் அழைத்துச் செல்வார்களாக. நூலுக்குப் பதிலாக அவர்கள் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுப்பார்களாக. கண்டதைக் கண்டபடி எழுதட்டும். ஐயமுள்ளவிடத்தில், இன்னதென்று தெரியவில்லை என்றே எழுதட்டும். நாம் அன்று நமது குறிப்பில் சிவப்புத் தட்டான் என்ற சொற்களை அடித்துவிட்டு மூன்று பெயர்களை எழுதினோம். நான்காவதாகக் கண்ட ஒன்றின் எதிரே இன்னும் வெற்றிடமே இருக்கின்றது. அதைக் காண மீண்டும் அந்த ஏரிக்குச் செல்லவிருக்கின்றோம்.