அறுப்புக்கு முன்னே ஒரு விதைப்பு

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகி நதி, கச்சிராயபாளையத்தருகே 46 அடி நீர் தேக்கும் அணையில் தங்கி நம் நஞ்சைகளுக்குப் பாய்கிறது. சம்பா அறுவடையாகும் தை மாதத்தில் வாய்க்கால் நீரை நம்பி மறுநெல் நடுவது எல்லா ஆண்டும் கைகூடுவதன்று. ஆயினும், அறுத்த வயலின் ஈரம் வீணே காய்ந்து போவதை நாம் ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? காவிரிப் படுகை உழவர்கள் அவ்வீரத்தையும் பனியையுமே கொண்டு நெடுங்காலமாக உளுந்து எடுத்து வருகின்றனர். இதற்கு உழவில்லை, பாய்ச்சலில்லை. பதம் தவறினாலோ விளைவுமில்லை.

அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னர், மண் மெழுகுப் பதமாயிருக்கையில், நிற்கும் நெல்லினூடே ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதையைத் தெளிக்கவேண்டும். நீர் தேங்கினால் விதை அழுகும். நிலம் வெடித்தால் முளைக்காது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் நெல் தரிசுக்கென 1981-இல் வெளியிட்ட ஆடுதுறை 3 என்னும் ரகம் 70, 75 நாளில் முதிரும். விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து புரட்டி, நிழலில் உலர்த்துதல் நலம். பாவுக்குக் கஞ்சியிடும் நம் நெசவாளர் அங்கத்தினர்க்கு இக்கைப்பக்குவம் புதிதன்று!

அறுவடை இயந்திரம் வந்தபின் ஒரு சங்கடம் நேர்ந்துள்ளது. அதன் சக்கரம் இளமுளையை நசுக்கிவிடுகிறது. ஆகவே இயந்திரம் இறங்கும் வயலில், முளை கிளம்புமுன்னரே அறுத்துவிடுமாறு நாளைக் கணக்கிட்டு விதைக்கவேண்டும்.

பூக்கும்போது ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு மிகும். ஏக்கருக்கு நான்கு கிலோ உரத்தை முதல்நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி மாலையில் அடிக்கவேண்டும். மஞ்சள் தேமல் கண்ட செடியை உடனே பிடுங்கிவிடுக. வெள்ளை ஈ அந்நோயைப் பரப்பும்.

இவையெல்லாம் ஒருவர் தனித்துச் செய்யத்தக்கவை. மேய்ச்சல் அப்படியன்று. அறுத்த வயலில் கால்நடைகளை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். ஒருவர் மட்டும் விதைத்தால் அவர் பயிர் ஆட்டுக்கே இரையாகும். எனவே ஒரு வாய்க்காலின் கீழுள்ள அங்கத்தினர் யாவரும் மார்கழியிலேயே கூடி, விதைப்பு நாளையும் மேய்ச்சல் தடையையும் ஒருங்கே முடிவு செய்யவேண்டும் என்பது நம் கருத்து. மந்தை உடையவர் முணுமுணுப்பர். அவர்களையும் அழைத்தே பேசுதல் முறை. காய் கறுத்ததும் செடியைப் பிடுங்கி அடித்தபின் மிஞ்சும் உளுந்தம் பொட்டு மாட்டுக்கு நல்ல தீனி. அதில் அவர்களுக்கும் ஒரு பங்கு பேசிக்கொள்ளலாம்.