கேட்ட பின் எழுதப்படும் பக்கம்

கர்நாடக எல்லையை ஒட்டி, காட்டின் ஓரமாக அமைந்த ஊர் ஜவளகிரி. அங்கே நிலம் வைத்திருக்கும் ஒருவர் தம் பட்டா விவரத்தைப் பார்க்க விரும்பினால், இன்று தேன்கனிக்கோட்டை வட்ட அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், ஊர், பட்டா எண் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். அவருடைய பெயரும், புல எண்ணும், பரப்பளவும் கொண்ட பக்கம் திரையில் தோன்றும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் ‘பூமி’ என்னும் திட்டம் இதே வேலையைச் செய்கிறது.

மாணவர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒவ்வொரு பட்டாவுக்கும் ஒரு பக்கத்தை முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்களா? இல்லை. நீங்கள் கேட்கும் வரை அந்தப் பக்கமே கிடையாது. கேட்ட பின்புதான் அது எழுதப்படுகிறது! அப்படியானால் அதை எழுதுவது யார்?

1990-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணைய சர்வரை இயக்கினார். கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பதே அதன் முக்கிய வேலை. 1993-இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் சி.ஜி.ஐ. என்னும் முறை உருவாயிற்று. இதன்படி, சர்வர் ஒரு நிரலை இயக்கி, அந்த நிரல் எழுதித் தருவதையே பக்கமாக அனுப்பலாம். கோப்பு எடுத்துக் கொடுத்த கருவி, இப்போது கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கியது.

இதை ஓர் அலுவலகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசலில் மனு வாங்கும் எழுத்தர் இருக்கிறார். உள்ளே பதில் தயாரிக்கும் அலுவலர் இருக்கிறார். பின்கட்டில் பதிவேடுகள் நிறைந்த அறை இருக்கிறது. வாசல் எழுத்தர்தான் இணைய சர்வர், உள்ளே இருப்பவர் பயன்பாட்டு நிரல், பதிவறையே தரவுத்தளம்.

இந்த அலுவலகத்தை ஒரு கணினியில் அமைப்பது எப்படி? முதலில், லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்று வேண்டும். அதில் அப்பாச்சி அல்லது என்ஜின்-எக்ஸ் என்னும் சர்வர் மென்பொருளை நிறுவ வேண்டும். கணினிக்குள் வரும் செய்திகளுக்கு எண்ணிட்ட வாசல்கள் உண்டு. அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். சர்வர் 80-ஆம் வாசலிலும், மறைகுறியாக்கிய செய்திகளுக்காக 443-ஆம் வாசலிலும் காத்திருக்கும்.

அடுத்து, பைத்தான், பி.எச்.பி. போன்ற மொழி ஒன்றில் நிரலை எழுதுகிறோம். பைத்தான் நிரலானால், அதை 8000 போன்ற வேறொரு வாசலில், வெளியார் நேரே நுழைய முடியாதபடி இயக்குகிறோம். பிறகு சர்வருக்கு இப்படிக் கட்டளை எழுதி வைக்கிறோம்: “படங்களைக் கேட்டால் நீயே கொடு, மற்றவற்றை 8000-க்கு அனுப்பு.” மின்தடைக்குப் பின் கணினி இயங்கியதும் நிரலும் தானே எழுந்து இயங்கும்படி செய்துவிட்டால் அமைப்பு முடிந்தது.

ஆனால் ஒரே நேரத்தில் பலர் கேட்டால் என்ன ஆகும்? ஒரு விடை எழுத 0.2 விநாடி ஆகிறது என்று கொள்வோம். ஓர் அலுவலர் விநாடிக்கு 5 விடை எழுதுவார். நால்வர் 20 எழுதுவர். ஒரே சமயத்தில் 200 பேர் கேட்டால், கடைசி ஆள் 10 விநாடி காத்திருக்க வேண்டும். தேர்வு முடிவு நாளன்று இணையதளங்கள் திணறுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? சி.ஜி.ஐ. முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் நிரலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே இன்று நிரலின் பல பிரதிகளை முன்பே எழுப்பித் தயாராக வைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பட்டா எண் கேட்கும் கட்டத்தில் ஒருவர் எண்ணுக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கு உரிய கட்டளையைத் தட்டினால்? நிரல் அதை அப்படியே தன் வினவலோடு ஒட்டி அனுப்பினால், பதிவறை அதையும் அதிகாரியின் உத்தரவாக எண்ணி நிறைவேற்றிவிடக்கூடும். பதிவேட்டில் ஒரு வரி மாறினாலும், ஒரு குடும்பம் தன் நிலத்துக்காக வழக்காட நேரிடும். எனவே எண் வர வேண்டிய இடத்தில் எண்தானா என்று நிரல் சோதிக்க வேண்டும். கட்டளையையும் பயனர் தந்த விவரத்தையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். பார்வையிட மட்டுமே உரிய பக்கமானால், பதிவேட்டைத் திருத்தும் உரிமையை அந்த நிரலுக்குத் தரவே கூடாது.

உங்கள் பள்ளிக் கணினியிலும் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். 127.0.0.1 என்னும் முகவரி எப்போதும் அந்தக் கணினியையே குறிக்கும். அதனால் வெளி இணைப்புத் தேவையில்லை. ஆசிரியர் துணையுடன் பைத்தானையும் ‘பிளாஸ்க்’ என்னும் கருவியையும் நிறுவுங்கள். வகுப்பு நூலகத்திலிருந்து பத்து நூல்களின் பட்டியலைத் தயாரியுங்கள். எண்ணைக் கொடுத்தால் நூலின் பெயரைச் சொல்லும் நிரலை எழுதுங்கள். அது சரியாக இயங்கியதும், எண்ணுக்குப் பதிலாக உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள். உங்கள் நிரல் என்ன பதில் சொல்கிறது?