எத்தனை கிலோ என்று கேளுங்கள்

மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். கிளியனூர்ப் பக்கம், எங்கள் கொல்லைக்கு மேற்கே இருக்கிற கல்குவாரியின் ஆள். கையில் ஒரு தாள்.

“சும்மா ஒரு சின்ன ரூமுதாண்ணே. வெடிமருந்த வெச்சுப் பூட்டிடுவோம். பக்கத்துக் கொல்லைக்காரங்க ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

“எத்தனை கிலோ வைப்பீங்க?”

“அதெல்லாம் ஆபீஸ்லதாண்ணே தெரியும்.”

கையெல்லாம் மண்ணாக இருக்கிறது, பிறகு வாங்க என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெடிமருந்து என்றாலே 2007 ஏப்ரல்தான் நினைவுக்கு வரும். மயிலம் பக்கம் செண்டூரில், வெடிபொருள் ஏற்றி வந்த ஜீப் வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரிலேயே செத்துப்போனார்கள். ஒரு ஜீப்பில் ஏறக்கூடிய சரக்கு, அவ்வளவுதான்.

அதனால்தான் கிலோவைக் கேட்டேன். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில், கிடங்கில் வைக்கும் அளவைப் பொறுத்துத்தான் சுற்றிலும் விட வேண்டிய பாதுகாப்புத் தூரம் வருகிறது. வீடு, பள்ளிக்கூடம், கோயில், பொதுச்சாலை, ரயில் பாதை எல்லாம் அந்தத் தூரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சரக்கு எட்டு மடங்கானால் ஆபத்தான தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: “ஆட்சேபணை சொல்றீங்களா, சரி, சரக்கைப் பாதியாக் குறைச்சிடறோம்” என்றால் தூரம் பாதியாகாது, ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். இது பொதுவான கணக்கு. நம் கிடங்குக்கு உரிய சரியான மீட்டர் விதிகளின் அட்டவணையில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே நம் ஆட்கள் பலர் இரண்டு தூரத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குவாரிக்குக் குத்தகை கொடுக்கும்போது பார்ப்பது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது அதில் உள்ளது. ஆனால் அந்தக் குடியிருப்பு என்பது வருவாய்க் கணக்கில் உள்ள நத்தம், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு போன்றவைதான். கொல்லையில் தனியாக வீடு கட்டி இருப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. வெடிமருந்துக் கிடங்குக்கு அப்படியில்லை. ஆள் குடியிருக்கும் ஒற்றை வீடும் கணக்கில் வரும். “குவாரிக்கே பர்மிஷன் கொடுத்துட்டாங்க, கிடங்குக்கு என்ன?” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமம் தருவது பெசோ என்ற மத்திய அமைப்பு. தலைமையிடம் நாக்பூர், சென்னையிலும் அலுவலகம் உண்டு. அதற்கு முன் மாவட்ட ஆட்சியரின் தடையின்மைச் சான்று வேண்டும். இடம் யாருடையது, பொதுமக்களுக்கு ஆபத்தா என்றெல்லாம் விசாரிப்பது அந்தக் கட்டத்தில்தான். நாம் பேச வேண்டியதும் அப்போதுதான். உரிமம் வந்து சுவர் எழும்பிய பிறகு மனு கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம்.

கிடங்கு சரியாகக் கட்டப்பட்டால் பயம் குறையும், அதையும் சொல்ல வேண்டும். இடிதாங்கி, வேலி, இரவும் பகலும் காவல், வரவு செலவுக்குப் பதிவேடு. டெட்டனேட்டரும் ஜெலட்டினும் ஒரே அறையில் கூடவே கூடாது. சுற்றிலும் மண்மேடு இருந்தால் வெடிப்பு மேல்நோக்கிப் போகும். காய்ந்த புல், சருகு எதுவும் கிடங்கைச் சுற்றி இருக்கக்கூடாது. மூடாக்கு மூடாக்கு என்று பேசுகிற நமக்கு வெற்றுத் தரையைப் பார்த்தால் மனசு கேட்காது. ஆனால் அந்த ஒரு இடத்தில் மூடாக்கு ஆகாது. பக்கத்தில் யாரும் தாள், சோகை கொளுத்தவும் கூடாது.

சுவர் எவ்வளவு பலமாக இருந்தாலும், ஏற்றி இறக்கும் நேரம் தனி. 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே கீழ உப்பிலிக்குண்டில், குவாரிக் கிடங்கில் வெடிபொருளை இறக்கும்போது வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். குவாரியையே மூடச் சொல்லி ஊர் மக்கள் மறியல் செய்தார்கள். ஆகவே வண்டி எந்த வழியாக வரும், எத்தனை மணிக்கு வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் பாதையா என்பதையும் மனுவில் எழுதினேன்.

குவாரிக்காரரை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. கிணற்றை ஆழப்படுத்தியபோது மீந்த நாலு கேப்பை, விதை மல்லாட்டைக் குடுவைக்குப் பக்கத்தில் பரண்மேல் அப்பா வைத்திருந்தார். மறுபடியும் உதவும் என்று. பல வருஷம் அப்படியே கிடந்தது, கீழே நாங்கள் படுத்துத் தூங்கினோம். இன்றும் சில மோட்டார் கொட்டகைகளில் அப்படிக் கிடக்கும். கிடந்தால் தொடாதீர்கள். புதைப்பதோ எரிப்பதோ கிணற்றில் போடுவதோ வேண்டாம். காவல் நிலையத்தில் சொன்னால் அழிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள். இனிமேல் வெடி வைத்தால், மீந்ததை உரிமம் உள்ள வெடிகாரரே எண்ணி எடுத்துப்போக வேண்டும்.

குவாரி ஆள் மறுபடியும் வந்தபோது வரைபடம் கொண்டுவந்தார். கிலோவும் அதில் எழுதியிருந்தது. இருவரும் சேர்ந்து சங்கிலி பிடித்து அளந்தோம். வட்டம் என் வரப்பைத் தாண்டி, மகனுக்கு வீடு கட்டக் கிணற்று மேட்டில் நான் குறித்து வைத்திருந்த இடம்வரை வந்தது.

“அங்க இன்னும் வீடு இல்லியேண்ணே” என்றார்.

கையெழுத்துப் போடவில்லை. அளவு குறித்த தாளோடு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கியிருக்கிறேன். மல்லாட்டை விற்ற பணம் வந்ததும் முதல் வேலையாகக் கடக்கால் தோண்டக் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறேன்.