ஓடிக்கொண்டே இருந்த ஷேவிங் மெஷின்

காலையில் ஒரு பெண் கண் விழிக்கிறாள். உலகெங்கும் எத்தனையோ பேரைத் திடீரெனக் காணவில்லை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருக்கிறது. குளியலறையிலிருந்து கிர்ரென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கணவனின் ஷேவிங் மெஷின் வாஷ்பேசினில் கிடந்து தானாக ஓடுகிறது. கணவன் இல்லை.

1972இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட ‘எ தீஃப் இன் த நைட்’ படம் இப்படித் தொடங்குகிறது. தியேட்டர்களைவிடச் சர்ச்சு ஹால்களில்தான் அது அதிகம் ஓடியது. பார்த்த பிள்ளைகள் பலருக்கு, பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கும். அம்மா கடைக்குத்தான் போயிருப்பாள்.

இந்த மறைவுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைக்குத் தமிழ்ச் சபைகளில் ‘இரகசிய வருகை’ என்று பெயர். ‘சபை எடுத்துக்கொள்ளப்படுதல்’ என்றும் சொல்வார்கள். இயேசு முதலில் உலகம் அறியாமல் நடுவானம்வரை வந்து உண்மையான விசுவாசிகளை எடுத்துக்கொள்வார். மிஞ்சியவர்கள் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியில் ஏழு வருட உபத்திரவத்தில் சிக்குவார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாக் கண்களும் காணும் பகிரங்க வருகை. நம்பிக்கையின் சுருக்கம் இவ்வளவுதான்.

இயேசு திரும்ப வருவார் என்பதைக் கிறிஸ்தவ சபைகள் ஏறக்குறைய எல்லாமே அறிக்கை செய்கின்றன. ஆனால் இந்த இரண்டு கட்டக் கணக்கு எல்லாருக்கும் உரியதல்ல. கத்தோலிக்கரிடமும் கீழைத் திருச்சபைகளிடமும் இது கிடையாது. லுத்தரன் கோட்பாட்டிலும் இல்லை. பெந்தெகொஸ்தே, பிரதரன், பாப்டிஸ்ட் வட்டாரங்களில்தான் அழுத்தமாகக் கேட்கலாம். வயதும் அதிகமில்லை. 1830களில் பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி இதற்கு ஒரு முறையான வடிவம் கொடுத்துப் பரப்பினார். 1909இல் ஸ்கோஃபீல்டு என்பவரின் விளக்கக் குறிப்புகளோடு ஒரு வேதாகமம் வந்தது. வசனத்துக்குக் கீழேயே விளக்கமும் அச்சாகியிருந்ததால், அடிக்குறிப்பையும் வேதமாகவே வாசித்துப் பழகிவிட்டார்கள். என் கணிப்பில், சினிமாவுக்கு முன்பு இந்தப் போதனையை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது அந்த ஒரு புத்தகம்தான்.

வேதத்தில் இதற்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்படுவது பவுல் எழுதிய ஒன்று தெசலோனிக்கேயர் கடிதத்தின் நாலாம் அதிகாரம். அதை எழுதிய சந்தர்ப்பத்தைக் கவனிக்க வேண்டும். தெசலோனிக்கேயில் சில விசுவாசிகள் இறந்துபோனார்கள். ‘கர்த்தர் வரும்போது இவர்கள் விட்டுப்போவார்களோ’ என்று மற்றவர்களுக்குக் கலக்கம். பவுல் தேற்றுகிறார்: மரித்தவர்கள் முதலில் எழுவார்கள், உயிரோடிருப்பவர்கள் அவர்களோடு சேர்ந்து மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். துக்க வீட்டுக்கு எழுதிய கடிதம் அது. தமிழ் வேதாகமம் அங்கே ‘எதிர்கொண்டுபோக’ என்று மொழிபெயர்த்திருப்பது அழகு. ஊர் எல்லைக்குப் போய் எதிர்கொள்பவர்கள் விருந்தாளியோடு வேறு எங்கோ போய்விடுவதில்லை. ஊருக்குள் அழைத்து வருகிறார்கள். மூலக் கிரேக்கச் சொல்லுக்கும், அரசனை நகருக்கு வெளியே சென்று வரவேற்று அழைத்துவரும் பொருள் உண்டு என்று காட்டி, இது தப்பிச் செல்லும் பயணம் அல்ல என்கிறார்கள் சில அறிஞர்கள். இரகசிய வருகையை நம்புகிறவர்கள் இதை ஏற்பதில்லை.

சரி, திரைக்கு வருவோம். மடித்து வைத்ததுபோல் சீட்டில் கிடக்கும் சட்டை, ஓட்ட ஆளில்லாமல் மோதும் கார், விமானத்தில் வெறும் இருக்கைகள். இவற்றில் ஒன்றுகூட வேதத்தில் இல்லை. எல்லாம் கதாசிரியர்களின் கைவண்ணம். டிம் லஹேயும் ஜெர்ரி ஜென்கின்ஸும் 1995இல் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ நாவல் வரிசை கோடிக்கணக்கில் விற்றது. 2014இல் நிக்கோலஸ் கேஜ் விமானியாக நடித்த படமும் அதிலிருந்து வந்ததே. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பரலோகத்தைக் காட்டப் பணமும் கற்பனையும் வேண்டும். காணாமல் போனதைக் காட்ட ஒரு காலிச் சட்டை போதும். அதனால் கேமரா எப்போதும் விடப்பட்டவர்களோடேயே தங்கிவிடுகிறது.

அந்தத் தங்கலை நேர்மையாகக் கையாண்டது, மதப் பிரசாரத்தோடு சம்பந்தமே இல்லாத ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ தொடர்தான். ஹெச்பிஓவில் 2014 முதல் 2017வரை வந்தது. சலவைக் கடை வாசலில் ஒரு தாய் காரில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். பின்சீட்டில் அழுதுகொண்டிருந்த குழந்தையின் குரல் சட்டென்று நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் சீட் காலி. உலக மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் இப்படி மறைகிறார்கள், நல்லவர் கெட்டவர் என்ற கணக்கே இல்லாமல். விடப்பட்ட பாதிரியார் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. மறைந்தவர்களின் பாவங்களைத் தேடிப்பிடித்து நோட்டீஸ் அடித்து ஊரில் விநியோகிக்கிறார், ‘இது அந்த வருகை இல்லை’ என்று நிரூபிக்க. ஏன் மறைந்தார்கள் என்பதைத் தொடர் கடைசிவரை சொல்வதில்லை.

இந்தப் படங்களில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளை இரவில் தூங்காமல் கிடந்தால், மூலத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். ஒன்று தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரம், 13 முதல் 18வரை. ஆறே வசனங்கள், ஒருவரையொருவர் தேற்றச் சொல்லித்தான் அவை முடிகின்றன.