பழைய லேண்ட் மாஸ்டருக்குப் புதிய எஞ்சின்: பொருத்த முன் போட வேண்டிய கணக்கு

பெரும்போகம் நெருங்கும் நாட்களில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து கராஜ்களுக்குப் போனால் ஒரே காட்சியைத்தான் காணலாம். இருபது முப்பது வருடம் உழைத்த இரு சில்லு உழவு இயந்திரங்கள் எஞ்சின் கழற்றப்பட்ட நிலையில் வரிசையாக நிற்கும். பக்கத்தில் பெட்டி பிரிக்காத சிறிய எஞ்சின்கள் இருக்கும். புதிய இயந்திரம் வாங்கச் சல்லியில்லாதவர்கள் பழைய உடம்புக்குப் புதிய எஞ்சின் பூட்டுகிறார்கள். இது நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் கணக்கில்லாமல் செய்யப்படுகிறது. அப்படிச் செய்தவர்களில் நானும் ஒருவன். அதுவும் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கப்பிக் கணக்குப் படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியன் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எமது ஆட்கள் எந்தக் கம்பனியின் இரு சில்லு இயந்திரத்தையும் 'லேண்ட் மாஸ்டர்' என்றே சொல்வார்கள். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்த இரு சில்லு உழவு இயந்திரத்தை இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் இருந்த லேண்ட்மாஸ்டர் கம்பனி தயாரித்து விற்றது. பின்னர் ஜப்பானின் குபோட்டாவும் யன்மாரும் வந்தன, அதன் பின் சீனத் தயாரிப்புகள் வந்தன. ஆனாலும் முதல் பெயர் போகவில்லை. 2010இல் காலமான விஜேவர்தன பிற்காலத்தில் தன் இயந்திரத்தைத் தானே விமர்சித்தவர். எருமை செய்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தேனே தவிர, எமது விவசாய முறையை மாற்றவில்லை என்பது அவருடைய கவலை. அது பெரிய விவாதம். எங்கள் வீட்டு விவாதம் அதைவிடச் சிறியது: வாப்பாவின் இயந்திரத்தை இரும்புக்கு நிறுத்து விற்பதா, வைத்திருப்பதா?

வாப்பாவின் இரண்டரை ஏக்கர் வயல் எமது ஊர் வழக்கப்படி தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. மச்சான்தான் செய்கிறார். வயலோடு சேர்ந்து வாப்பாவின் ஜப்பான் லேண்ட் மாஸ்டரும் போனது. 7 குதிரைவலு, படுக்கை வாட்டில் ஒற்றைச் சிலிண்டர், டீசல். ஒருநாள் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டியதில் லைனர் வெடித்தது, கிராங்கும் தேய்ந்துபோயிருந்தது. அந்த மொடலுக்குச் சாமான் எங்கும் இல்லை. மச்சான் புதியதொன்றுக்கு லீசிங் கணக்குக் கேட்டு வந்தார். மாதத் தவணை என் சம்பளத்தில் பாதிக்கு மேல் வந்தது. இரும்புக்காரர் கிலோக் கணக்கில் விலை சொன்னார். வாப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். "எஞ்சின் மட்டும்தானே போச்சு, கியர் பொக்ஸ் நல்லாத்தானே இருக்கு" என்று நான்தான் முன்னுக்கு நின்றேன்.

அது உண்மையும்கூட. எஞ்சின் மாற்ற முன் முதலில் பார்க்க வேண்டியது கியர் பொக்ஸைத்தான். சில்லை நிலத்திலிருந்து தூக்கிவைத்து ஆட்டிப் பாருங்கள். அச்சில் ஆட்டம் இருக்கிறதா, கியர் தானாக விலகி விழுகிறதா, பழைய எண்ணெயை வடித்தால் இரும்புத் துகள் மினுங்குகிறதா? இவை இருந்தால் புது எஞ்சினுக்குப் போடும் சல்லி வீண். எங்களுடையதில் எண்ணெய் கறுப்பாக இருந்தது, துகள் இல்லை.

முதல் பிழையை ஒரு கடையில் செய்தோம். தண்ணீர்ப் பம்புகளுக்குப் பூட்டும் 6.5 குதிரைவலு பெற்றோல் எஞ்சினைக் காட்டி, "ஏழுக்கும் ஆறரைக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்றார்கள். விலையும் குறைவு. வாங்கிப் பூட்டினோம். மேட்டு நிலத்தில் ஓடியது. சேற்றில் இறக்கியதும் இரும்புச் சில்லு இரண்டு சுற்றுச் சுற்றும், எஞ்சின் இரைந்து அடங்கும், பெல்ட் புகையும்.

காரணம் எளிமையானது. குதிரைவலு என்பது முறுக்கு விசையும் சுழலும் வேகமும் சேர்ந்த பெருக்கம். பழைய டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2200 சுற்றில் 7 குதிரைவலுவைத் தந்தது. அப்படியானால் அதன் முறுக்கம் ஏறக்குறைய 22 நியூட்டன் மீற்றர். பெற்றோல் எஞ்சின் தன் ஆறரையை 3600 சுற்றில்தான் தருகிறது. அங்கே முறுக்கம் 13 நியூட்டன் மீற்றர் மட்டுமே. சேற்றில் சில்லைத் திருப்புவது இந்த முறுக்கம்தான். வேகம் கூடிய எஞ்சினுக்குச் சிறிய கப்பி போட்டு அந்தக் குறையை ஈடு செய்யலாம். ஆனால் எங்கள் கணக்குப்படி 156 மில்லிமீற்றர்க் கப்பி இருந்த இடத்தில் 95 மில்லிமீற்றர்க் கப்பி வேண்டும். அவ்வளவு சிறிய கப்பியில் தடித்த பெல்ட் பிடிக்காது, வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். போதாததற்கு, பெற்றோல் எஞ்சினுக்குச் சொல்லும் வலு அதன் உச்ச வலு. காலை முதல் பகல் வரை ஒரே சுமையில் உழுவதற்கு அந்த வலு நின்று பிடிக்காது.

அந்த எஞ்சின் இப்போது தங்கச்சி வீட்டுத் தென்னைகளுக்குத் தண்ணீர் இறைக்கிறது. அதற்குத்தான் அது செய்யப்பட்டது.

மண்ணெண்ணெயில் ஓடும் பழைய எஞ்சினைத் தேடிப் போடச் சொன்னவர்களும் உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதைக் கண்ட பிறகு அந்தக் கதையை நாங்கள் எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை 'ஆர் 180' வகைச் சீன டீசல் எஞ்சின் வாங்கினோம். 80 மில்லிமீற்றர் சிலிண்டர், 80 மில்லிமீற்றர் ஓட்டம், 402 சீசீ. இதைப் பல கம்பனிகள் ஒரே அளவில் செய்வதால் ரிங், வால்வு, நொசில் எல்லாம் சாமான் கடைகளில் கிடைக்கும். இங்கே வாசகர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வகை எஞ்சினுக்கு இரண்டு வலு சொல்லப்படும். ஒன்று 12 மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது, 5.67 கிலோவொட். மற்றது ஒரு மணி நேரம் மட்டும் தரக்கூடியது, 6.27 கிலோவொட். குதிரைவலுவில் சொன்னால் முதலாவது 7.7, இரண்டாவது எட்டரை. கடைக்காரர் எப்போதும் பெரியதைத்தான் சொல்வார். வயலுக்குப் போகிறவர் சிறியதைத்தான் கேட்க வேண்டும்.

"பெரியதாகவே போடுவோமே" என்று மச்சான் 12 குதிரைவலு 'எஸ் 195' ஒன்றைக் காட்டினார். அது 2000 சுற்றில் 42 நியூட்டன் மீற்றர் தரும், எங்கள் பழைய எஞ்சினின் இரண்டு மடங்கு. 7 குதிரைவலுவுக்கு வார்க்கப்பட்ட கியர்ப் பற்கள் அதை எத்தனை போகம் தாங்கும்? பாரமும் 140 கிலோ அளவில். நான் மறுத்தேன். நான் சரியாகச் செய்த ஒரு காரியம் அது.

பூட்டும்போது கராஜ் பாஸ் வேலையைத் திறமையாகவே செய்தார். எஞ்சினின் வார்ப்பிரும்புக் காலில் வெல்டிங் வைக்கவில்லை, வைத்தால் வெடித்துவிடும். 12 மில்லிமீற்றர் இரும்புத் தட்டொன்றை இடையில் போட்டு, போல்ட் துளைகளை நீளமாக வெட்டினார். பெல்ட் தளர்ந்தால் எஞ்சினை முன்னுக்குத் தள்ளி இறுக்குவதற்கு அது. இரண்டு கப்பிகளும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். மூன்று பெல்டையும் ஒன்றாகவே மாற்றினார். பழையதும் புதியதும் கலந்தால் புதியது மட்டும் சுமை இழுத்து முதலில் அறுந்துவிடும். எஞ்சின் சுழலும் திசையையும் பார்த்துக்கொண்டார். அதைத் திருப்பி வைத்தால் முன்கியர் பின்கியராகிவிடும்.

ஆனால் பழைய எஞ்சினில் இருந்த 156 மில்லிமீற்றர்க் கப்பியைக் கழற்றி அப்படியே புது எஞ்சினில் பூட்டினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது எஞ்சின் 2600 சுற்று. பழையது 2200. கப்பி மாறாவிட்டால் எல்லாக் கியரிலும் இயந்திரம் 18 வீதம் வேகமாக ஓடும். இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாடசாலையில் அது 'கப்பி', கராஜில் அது 'புள்ளி'. இரண்டும் ஒன்றென்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

உழவு முடிந்தது, மச்சானுக்கும் சந்தோசம். "முந்தியதை விடக் கெதியாப் போகுது மச்சான்" என்றார். அறுவடைக்குப் பிறகு நெல் மூட்டைகளோடு வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கும்போதுதான் அந்தக் கெதி என்னவென்று விளங்கியது. லேண்ட் மாஸ்டரை ஓட்டுபவர்களுக்குத் தெரியும், ஆனால் பழகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடது சில்லின் இழுவை நின்று வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது நிலைமை தலைகீழ். கிளச் பிடித்த சில்லு எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், மற்றச் சில்லை எஞ்சின் பிடித்துவைத்திருக்கும், வண்டி வலப்பக்கம் பாயும். மச்சானுக்கு இது தெரியாததல்ல. வழமையான இடத்தில், வழமையான கியரில், வழமையைவிட வேகமாக இறங்கியதில் அவசரத்துக்குக் கை பழைய பழக்கத்தில் போய்விட்டது. ட்ரெய்லர் வாய்க்காலுக்குள் சரிந்தது. மூட்டைகளின் மேல் இருந்த என் மருமகனின் வலது கை முறிந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு எட்டு வாரம் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மனதுக்குள் அந்தக் கணக்கைப் போட்டேன். 156ஐ 2200ஆல் பெருக்கி 2600ஆல் பிரித்தால் 132. அவ்வளவுதான். லேத்தில் 132 மில்லிமீற்றர்க் கப்பியொன்று கடைவதற்கு அரை நாள் போதும். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாஸுக்குக் கை வேலை தெரியும், எனக்குக் கணக்குத் தெரியும், இருவரும் ஒரே இடத்தில்தான் நின்றோம்.

கப்பியை மாற்றியபோது பாரத்தையும் பார்த்தோம். நெல் நிறுக்கும் தராசில் பழைய எஞ்சின் 95 கிலோ, புதியது 72. முன்பக்கம் 23 கிலோ குறைந்திருக்கிறது. ரொட்டவேட்டர் கடினமான மண்ணில் கடிக்கும்போது மூக்குத் தூக்கியதும், பிடி துள்ளியதும் இதனால்தான். அச்சிலிருந்து எஞ்சினின் நடுப்பகுதி 45 சென்ரிமீற்றர் தூரம். 90 சென்ரிமீற்றர் தூரத்தில், அதாவது முன்பம்பரில், பாரம் வைத்தால் பாதி போதும். பதினொன்றரைக் கிலோ பழைய இரும்புத் தட்டுகளைப் போல்ட் பண்ணினோம், துள்ளல் நின்றது.

இன்னும் இரண்டு விடயங்கள். டீசல் எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆணிக்குக் கம்பெனி முத்திரை வைத்திருப்பார்கள். "ஸ்பீட் கூட்டித் தாறன்" என்று அதை அறுக்க வருபவரை விடாதீர்கள். அடுத்தது பதிவுப் புத்தகம். அதில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அதையும் மாற்ற வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்த பிறகு இந்த இலக்கம் பொருந்தாவிட்டால் காப்புறுதிக்காரரிடம் கதைக்க முடியாது.

எமது பிரதேசப் பாடசாலைகளில் தொழினுட்பப் பாடம் படிப்பிக்கும் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் பிள்ளைகளை ஒரு கராஜுக்குக் கூட்டிப் போங்கள். அளவுநாடாவையும் கொடுத்து, நிற்கிற இயந்திரங்களின் கப்பிகளை அளக்கச் சொல்லுங்கள். நான் போனபோது ஐந்து இயந்திரங்கள் நின்றன. அவற்றில் மூன்றில் பழைய கப்பியே புது எஞ்சினுக்கு ஏறியிருந்தது.

மருமகன் எழுத்தாளர் உதவியோடு பரீட்சை எழுதினான். விஞ்ஞானத்துக்கு 'பி' கிடைத்தது. பெறுபேறு வந்த வாரம் வாப்பா அவனை ட்ரெய்லரில் ஏற்றாமல், பக்கத்தில் நடத்திக்கொண்டே வயலுக்குப் போய் வந்தார். இப்போது கராஜ் பாஸ் புதிதாக ஒரு எஞ்சின் வந்தால் அவனுக்குத்தான் ஃபோன் எடுக்கிறார். லேத்துக்கு மேலுள்ள சுவரில் சோக்கால் எழுதிய இலக்கங்கள் அவனுடைய கையெழுத்து.